நாலு இதழ்த் தகடு

"அந்த சென்சார் பழுதுதான் சார்" என்று வாஜித் சொன்னபோது, ருக்சார் கையிலிருந்த டீ தளும்பித் துப்பட்டாவில் கொட்டியது. சுட்டதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. பழுதா? முந்தாநாள் புது சென்சாரை மாட்டியவளே அவள்தான். பக்கத்தில் டார்ச் பிடித்தபடி நின்றவன் இதே வாஜித். அவள் புருஷன்.

"அப்போ அந்த ரீடிங்கைத் தூக்கிடலாம்" என்றார் இயக்குநர் வேதசிரோமணி. "அடுத்த மாசம் கலம் பறந்தாகணும்மா. இதையே புடிச்சுக்கிட்டு நிக்காதீங்க."

வண்டலூர் தாண்டியிருந்த அந்த ஆய்வுக்கூடத்தில், ஒலியைவிட ஆறு மடங்கு வேகமாகப் பறக்கப்போகும் கலத்தின் சின்ன மாதிரியை டனல் என்று அவர்கள் சொல்லும் ஒரு நீளக் குழாய்க்குள் நிறுத்தி, அதன்மேல் காற்றைப் பாய்ச்சிப் பார்ப்பார்கள். நாளெல்லாம் ஆயத்தம் செய்தது கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். அழுத்தம் ஏற ஏற, குழாயை அடைத்திருக்கும் அலுமினியத் தகடு வெடித்து நாலு இதழாக விரியும். சோதனை நடத்தியவருக்கே அந்தத் தகடு சொந்தம் என்பது அங்கே வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் வாஜித் தன் முதல் தகட்டைத்தான் ரோஜாவுக்குப் பதில் அவளிடம் நீட்டினான். இன்றும் அதில்தான் அவள் வளையல்களைக் கழற்றி வைக்கிறாள்.

கலத்தின் வால் மடல் உடம்போடு சேரும் இடத்தில், எத்தனை முறை சோதித்தாலும் சென்சார் சூட்டைக் கணக்கைவிட இரண்டு மடங்கு காட்டியது. பறந்தால் அங்கேதான் உருகும்.

அன்று மாலை முடிச்சூர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பைக்கில் அவள் அவன் தோளைத் தொடவில்லை.

"சாருக்கு மேலேர்ந்து எவ்ளோ பிரஷர்னு உனக்குத் தெரியாது ருக்கு."

"நம்ம குழாய்ல ஏத்துறதவிட ஜாஸ்தியா?"

"ஒரே ஒரு எடத்து ரீடிங்தானே?"

"என் வேலையப் பொய்னு அவர் சொல்லட்டும், தாங்கிப்பேன். கூட நின்னு பாத்த நீங்க எப்படிங்க பழுதுன்னு சொன்னீங்க?"

அவன் ஹாரனை அடித்தான். எதிரில் வண்டியே இல்லை.

மறுநாள் காலை அவள் அந்த சென்சாரையும் அதன் பக்கத்திலிருந்த இன்னொன்றையும் கழற்றினாள். வாஜித் பழுதென்றதைப் பக்கத்து இடத்திலும், பக்கத்திலிருந்ததை மடல் ஓரத்திலும் மாற்றி மாட்டினாள்.

"இன்னாக்கா, எடம் மாத்திக்கினு கீற?" என்றான் டெக்னீஷியன் குமரவேல்.

"உங்க அண்ணன் நல்லதுன்னு சொன்னதத்தான் அங்க வெச்சிருக்கேன். கேளேன் அவரையே."

குமரவேல் அவள் முகத்தையும், திரைக்குப் பக்கத்தில் நின்ற வாஜித்தின் முகத்தையும் பார்த்தான். "குடும்பத் தகராறுல இந்த டனல் வெடிச்சா எனக்குத் தெரியாதுப்பா" என்று எச்சரிக்கை சைரனை அழுத்தினான்.

தகடு வெடித்ததில் கட்டடமே ஒருமுறை அதிர்ந்தது. திரையில் இரண்டு கோடுகள் வந்தன. பழுதென்று சொல்லப்பட்டது, பக்கத்து இடத்தில் கணக்குப்படி அடங்கி நடந்தது. நல்லதென்று சொல்லப்பட்டது, மடல் ஓரத்தில் பழைய உயரத்துக்கே செங்குத்தாக ஏறியது.

வாஜித் போய்க் குழாயின் பூட்டைத் திறந்து, கிழிந்த தகட்டை எடுத்து வந்து அவளிடம் நீட்டினான். அவள் கை நீட்டவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு வேதசிரோமணி வந்தார். "என்ன வந்துச்சு வாஜித்?"

நீட்டிய கையில் நாலு இதழ்களும் விரிந்திருந்தன. ருக்சார் தகட்டைப் பார்க்கவில்லை, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.