கோபம் நிறுக்கும் தராசு

ஜெர்மனியில் கோயில் கொண்ட ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் அறிய, என் இரண்டு கண்ணும் அறிய, மாதம் தவறாமல் வரும் என் பென்சன் மேல் ஆணையாக, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டலாம். எனக்கு ஏற்கெனவே இருக்கிற கோபம் போதும்.

எங்கள் துப்பாக்கிச் சூட்டுக் கழகத்து அணியில் ஒரேயொரு இடம் காலியாக இருந்தது. அதற்கு நானும் புவனேந்திரனும் போட்டி. அடுத்த ஞாயிறு விட்டு மறு ஞாயிறு, நூறு மீற்றரில் யாருடைய சூடுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி விழுகின்றனவோ, அவருக்கு இடம். என் துவக்குக்கோ கடைத் தோட்டா ஒத்துவரவில்லை. கோழி கிளறிய பாத்திபோல இலக்குத் தாளெல்லாம் ஓட்டை. ஆகவே, சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக் கோதுகளை எடுத்து, வெடிமருந்தும் சன்னமும் இட்டு, வீட்டிலேயே தோட்டா செய்வதென்று முடிவெடுத்தேன். அனுமதி எல்லாம் இருக்கிறதா என்று குறுக்கே கேட்க வேண்டாம்.

சாமான் வாங்கக் கடைக்குப் போனால், கூப்பிடாமலே புவனேந்திரனும் வந்து நிற்கிறார். கடைக்காரன் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. புவனேந்திரனிடம் சாதாரணமாகக் கதைத்தான். என் பக்கம் திரும்பியதும் செவிடனுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கத்தினான்: "இது! தொடக்கக்காரர்! பெட்டி!" நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது அவன் பிறந்திருக்கவே மாட்டான்.

பெட்டியைத் திறந்தேன். பாதிக்கு மேல் பிளாஸ்ரிக். புனல், தூரிகை, எதற்கென்று அவனுக்கே தெரியாத ஒரு கரண்டி. உள்ளே கிடந்த மின் தராசு, தட்டில் ஒன்றும் வைக்காமலே எடை காட்டியது.

"அண்ணை, உந்தப் பெட்டியும் வேண்டாம், ஒற்றைப் பிறெஸ்ஸும் வேண்டாம்" என்றார் புவனேந்திரன். "என்னட்டை இருக்கிற மாதிரிச் சுழல் பிறெஸ் எடுங்கோ. ஒவ்வொண்டா இழுத்துக்கொண்டிருந்தியள் எண்டால் போட்டி முடிஞ்சு நத்தார்ப் பண்டிகையும் வந்திடும். உங்கடை கைக்கும் ஏலாது."

"என்ரை கைக்கு ஏலும். உம்மடை வாய்க்குத்தான் ஓய்வு தேவை."

பிறெஸ் என்பது கைபிடியை இழுத்துத் தோட்டாவை அழுத்துகிற பொறி. சுழல் பிறெஸ் ஐந்து வேலையை ஒன்றாகச் செய்யும். புதிதாகத் தொடங்குகிறவன் அதில் ஐந்து பிழையையும் ஒன்றாக விடுவான். ஒற்றைப் பிறெஸ்ஸில் பிழை விட்டால் அந்த இழுப்பிலேயே தெரியும். இது இரண்டு பேருக்கும் தெரியும். நான் ஒற்றைப் பிறெஸ்ஸைத் தூக்கினேன். கோதை நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு, நீளம் பார்க்க ஒரு கலிப்பர், பிறகு கண்ணாடி அலுமாரியின் மூலையில் தூசி பிடித்துக் கிடந்த முள்ளுத் தராசு. கடைக்காரன் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டுக்குக் கீழே நிலவறையில், இங்கத்தைய பேச்சில் கெல்லரில், நல்ல கனமான மரமேசை ஒன்று நின்றது. பிறெஸ்ஸை அதில் நாலு போல்ட் போட்டு இறுக்கினேன். தராசை வைத்து, முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்தி, மருந்தைக் கொட்டினேன். அந்த நேரம் பார்த்துப் புவனேந்திரன் நினைவுக்கு வந்தார். முள் ஒரு பக்கம் சாய்ந்தது.

காற்று என்று நினைத்து யன்னலைச் சாத்தினேன். சாய்ந்தது. உடுப்புத் தோய்க்கிற மெசினை நிறுத்தினேன். அப்போதும் சாய்ந்தது. பிறகு வெறும் தட்டை வைத்துக்கொண்டு கடைக்காரனை நினைத்தேன். முள் போய்த் தடுப்பில் "டங்" என்று அடித்தது. அப்போதுதான் விளங்கியது: அந்தத் தராசு அவ்வளவு நுணுக்கமானது, கோபத்தையும் நிறுக்கிறது.

இது சிரிக்கிற விசயமில்லை. மருந்து கூடிப்போனால் துவக்கு என் முகத்திலேயே வெடிக்கும். ஆகவே கோபம் தணியாமல் ஒரு தோட்டாவும் செய்ய ஏலாது. தோட்டா இல்லாவிட்டால் இடம் புவனேந்திரனுக்கு. அதை நினைக்க இன்னும் கோபம் வந்தது. பிரசர்க் குளிசையை நேரத்துக்கு முன்பே போட்டேன். கால்வாய்க் கரையில் போய் இருந்து தாராக்களைப் பார்த்தேன். அதில் ஒரு தாரா, கடவுளே, கடைக்காரன் மாதிரியே என்னைப் பார்க்காமல் போனது.

போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் புவனேந்திரன் வந்து கெல்லருக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, இன்னும் ஒண்டும் செய்யேல்லையோ? நான் அண்டைக்கே சொன்னனான்."

முள் துடித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் படியில் காலடி கேட்டது. கோயில் திருவிழாச் சமையலுக்குப் பெரிய பானை எடுக்க என் மனைவி புஷ்பராணி இறங்கி வந்தாள். மேசையைப் பார்த்தாள். போல்ட்டைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ! என்ரை பலகார மேசையிலையோ ஓட்டை போட்டனியள்?"

மேசையின் மறுபக்கம் வந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள். நான் முள்ளைப் பார்த்தேன். ஆடாமல் அசையாமல் பூச்சியத்தில் நின்றது. என் கோபம் இந்தப் பக்கம், அவள் கோபம் அந்தப் பக்கம். சரிசமன்.

"அசையாதை! அதிலையே நில்!" என்றேன்.

"ஆருக்குச் சொல்லுறியள் அசையாதை எண்டு?"

"புவனேந்திரன், நீர் வெளியிலை போம். எடை குழம்புது."

அன்று பின்னேரம் முழுவதும் அவள் ஏசினாள், நான் மருந்தை நிறுத்துக்கொண்டிருந்தேன். என் தாய்தகப்பனில் தொடங்கி, கலியாணத்தரகர் வரை வந்தாள். அவள் களைத்து முள் என் பக்கம் சாயும்போதெல்லாம், "நாலு ஓட்டைதானே, வடிவாத்தானே இருக்கு" என்று ஒரு வார்த்தை போட்டேன். முள் உடனே நடுவுக்கு வந்தது. ஒரு பெட்டித் தோட்டா. ஒவ்வொன்றிலும் மயிரிழை பிசகாத மருந்து.

மறுநாள் பத்துச் சூடு. தாளில் ஒரே ஓட்டை. ஒன்பது சன்னம் வெளியே போய்விட்டதென்று புவனேந்திரன் கூச்சல் போட்டார். நடுவர் பின்னாலிருந்த மண்மேட்டைக் கிளறினார். பத்துச் சன்னமும் புட்டுக் குழலில் அடைத்ததுபோல ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. இடம் எனக்கு.

போன கிழமை புவனேந்திரன் ரெலிபோன் எடுத்தார். அவரும் முள்ளுத் தராசு வாங்கிவிட்டாராம்.

"அண்ணை, அக்காவை ஒரு பின்னேரம் எங்கடை கெல்லருக்கு அனுப்புவியளோ? என்ரை மனுசிக்குக் கோபமே வருகுதில்லை."

ரெலிபோனை அடித்து வைத்தேன். கீழே கெல்லரில் "டங்" என்று கேட்டது.

அனுமதியைப் பற்றி இன்னும் கேட்கிறவர்களுக்கு: ஜெர்மன் அரசாங்கம் இன்றுவரை எனக்குத் தந்திருக்கும் ஒரே அனுமதிப் பத்திரம், தூண்டில் போட்டு மீன் பிடிப்பதற்கானது.