வெள்ளைப் பக்கம் மேலே

குழியின் சுவர் சரிந்தபோது மோஹா உள்ளே இருந்தான். என் மனைவி இத்தோவின் தம்பி. இத்தோ குளிர்காலத்தில் பிரசவத்தில் போய்விட்டாள். அவள் வழியில் எனக்கு மிச்சம் இவன் ஒருவன்தான்.

எங்கள் ஊர் அல்னிஃபில் எல்லோரும், கல்லாகிப்போன ஓடுகளை எடுத்து விற்க, இப்படித்தான் தோண்டுகிறோம். முதலில் ஆழக் குழி. பிறகு ஓடுகள் கிடக்கும் அடுக்கின் வழியே இடமும் வலமுமாகப் படுத்தபடி பொந்து. பாறை ஒரு காலத்தில் கடலடிச் சேறு. அதற்குள் கணவாயின் மூதாதைகள், நீண்ட கூம்பு ஓடுகளாக.

குழியில் இடிபாடு முட்டளவு நிறைந்து பொந்தின் வாயை மூடியிருந்தது. மோஹாவின் கூட்டாளி அஸ்ஸு இடப்பக்கம் கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எந்தப் பக்கம் போனான்?"

"காலையில இடதுலதான் கிடந்தான். கல்லை எடு, காலேஜு." கல்லூரியில் படித்தவன் என்று என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

எடுத்தேன். விரல் கிழிந்தது. கல் இளகவில்லை.

டார்ச் வெளிச்சத்தில், கல்லோடு உடைந்திருந்த ஓர் ஓட்டின் உள்ளே பார்த்தேன். ஓட்டின் அறைகளில் கீழ்ப்பாதி சேறு, மேல்பாதி வெள்ளைப் படிகம். செத்த உயிர் கடலடியில் விழும்; ஓட்டுக்குள் நுழைந்த சேறு அடியில் தங்கும்; காலியான மேல்பாதியில் பின்னால் படிகம் வளரும். இங்கே எல்லா ஓட்டிலும் வெள்ளை மேலேயே இருந்தது. இந்தக் கல் விழவே இல்லை. நாங்கள் சுவரைக் குடைந்துகொண்டிருந்தோம்.

வலப்பக்கம் ஊர்ந்தேன். ஒரு கல்லில் வெள்ளை கீழே. அடுத்ததில் பக்கவாட்டில்.

"அண்ணே, இங்க வாங்க! இதுதான் சரிஞ்சது!"

"ஓட்டைப் பார்த்து ஜோசியம் சொல்றியா? அவன் அங்க மூச்சு முட்டிச் சாகுறான்டா!"

"வெள்ளையப் பாருங்க. தலைகீழாக் கிடக்கு. உருண்டு வந்த கல்லு."

பார்த்தார். "ரொட்டி தின்னுட்டுப் பக்கம் மாத்திட்டானா, பாவி" என்று முனகியபடி வந்தார்.

கற்கள் இளகின. இருவரும் வாரி எறிந்தோம். திடீரென்று அவர் வேகம் குறைந்தது. அவர் கையிலிருந்த உளி ஒரு நீண்ட ஓட்டைச் சுற்றிப் பதமாகப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன பண்றீங்க?"

அவர் தன் கையையே பார்த்தார். "முழு ஓடுடா... கை தானாப் போகுது."

சுத்தியலை ஓங்கி இறக்கினேன். ஓடும் கல்லும் சேர்ந்து பிளந்தன. பின்னால் ஒரு குதிகால்.

கணுக்காலுக்குக் கீழே விரல் வைத்தேன்.

"இருக்கானா?"

"துடிக்குது. தொடை மேல பலகைக்கல்லு. வண்டி ஜாக்கியக் கொண்டாங்க."

ஓடினார். விரலடியில் துடிப்பு மெலிந்துகொண்டே வந்தது. இத்தோ சாகும்போது அவள் கையைப் பிடித்திருந்தும் நான் எதுவும் பேசவில்லை. இப்போது பேசினேன்.

"மச்சான், காலை இழுத்துக்காத. என் கையிலயே இருக்கட்டும். அஸ்ஸு வந்துருவாரு. கேக்குதா?"

மறுபடி சொன்னேன். எத்தனை முறை என்று தெரியாது.

அஸ்ஸு ஜாக்கியைச் செருகித் திருகினார். பலகைக்கல் விரற்கடை எழும்பியது. மோஹா அலறினான்.

அஸ்ஸு பயந்து நிறுத்தினார்.

"இன்னும் தூக்குங்கண்ணே" என்றேன்.