போத்தலுக்குப் போகாத பல்

பூரணிக்குப் பல்வலி என்பது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. தண்ணீர் கொட்டும் பீலியடியில் குடம் நிறையும்வரை கன்னத்தைப் பொத்திக்கொண்டு நிற்பாள். மலையில் கொழுந்து எடுக்கும்போது குளிர்காற்று வாய்க்குள் போகாமல் முக்காட்டு நுனியை இழுத்துக் கடித்துக்கொள்வாள். இரவில் ரொட்டியைப் பிட்டுப் பாலில்லாத சாயத்தண்ணியில் ஊறவைத்து, பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரித் தனக்கே ஊட்டிக்கொள்வாள்.

வலித்தது வலப்பக்கத்து மேல்பல். மெல்லுவதற்கு அவளுக்கு இருந்ததே அந்தப் பக்கம்தான். சிறு பெண்ணாக இருந்தபோது தோட்டத்து டிஸ்பென்சரியில் இடப்பக்கத்துக் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டார்கள். அப்போதிருந்து அந்தப் பக்கம் அவள் எதையும் மென்றதில்லை. இதுவும் போய்விட்டால் ஊறவைத்த ரொட்டிதான் ஆயுசுக்கும். முப்பது வயதுகூட ஆகாத தனக்கு அது எப்படி இருக்கும் என்று சில நேரம் நினைத்துப் பார்ப்பாள். பிறகு, வலிக்கிற பல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளே அந்த நினைப்பை அடக்கிவிடுவாள்.

யாரிடம் போவது என்பதில் லயத்தில் இரண்டு பேச்சு இல்லை. அட்டன் டவுனில் பஸ் நிற்கிற இடத்துக்கு மேலே, மாடியில் இருக்கிற போத்தல் டாக்டர்தான். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பிடுங்கிய பற்களையெல்லாம் பெரிய கண்ணாடிப் போத்தலில் போட்டு ஜன்னலில் வைத்திருப்பார். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும். போத்தல் நிறைய நிறைய அவர் பேரும் வளர்ந்தது. பூரணியின் கணவன் ஆண்டியப்பன் தன் பல்லையும் அந்தப் போத்தலுக்குத்தான் கொடுத்திருந்தான். குறடு உள்ளே போனதுதான் தெரியும், வெளியே வந்தது தெரியாது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வான். பக்கத்துக் காம்பரா பேச்சியம்மாவோ, தன் மூன்று பற்களும் ஜன்னல் ஓரமாக இருக்கின்றன, போனால் பார்த்துவிட்டு வா என்று சொல்லியிருந்தாள்.

இடையில் புகுந்தவர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துத் துரைராசா மாஸ்டர். பூரணியின் வீங்கிய கன்னத்தைப் பாதையில் பார்த்துவிட்டு, அட்டனுக்குப் புதிதாகப் பேரின்பநாயகம் என்று ஒரு பல் வைத்தியர் வந்திருக்கிறார், படித்த மனுஷன், முதலில் அவரிடம் காட்டுங்கள் என்றார். அவரும் மாஸ்டரைப்போல யாழ்ப்பாணத்துக்காரர். ஆண்டியப்பனுக்கு அதில் மனமில்லை. ஆனாலும் மாஸ்டர் சொன்னதைத் தட்டுவது மரியாதை இல்லை என்று, ஞாயிற்றுக்கிழமை றொசல்லயில் ரயிலேறி, முதலில் அங்கேதான் கூட்டிப்போனான்.

புதிய டாக்டரின் இடம் ஒரு சந்துக்குள் இருந்தது. ஜன்னலில் போத்தல் இல்லை. வாசல் வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கவும் ஆள் இல்லை. ஆண்டியப்பன் இரண்டையும் கவனித்து மூக்கால் ஒரு மூச்சு விட்டான். உள்ளே நாற்காலி பக்கத்தில், தையல் மெஷின் மாதிரி காலால் மிதிக்கிற ஒரு கருவி நின்றது. அதைக் கண்டதும் அவன் முகம் இன்னும் சுருங்கியது.

டாக்டர் ஒல்லியான மனிதர். சின்னக் கண்ணாடியை அவள் வாய்க்குள் விட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, அவள் வாயைத் துடைத்துக்கொள்ளும்வரை பொறுத்திருந்து, அவளைப் பார்த்தே பேசினார்.

"இதைப் பிடுங்கத் தேவையில்லைப் பிள்ளை. சூத்தை வேர் வரைக்கும் போகேல்லை. துப்புரவாக்கி அடைச்சு விடலாம், கனகாலம் இருக்கும். மற்றப் பக்கத்திலை உமக்குப் பல்லும் இல்லை. இதை வச்சிருக்க விருப்பமோ?"

பூரணிக்குக் கேள்வி விளங்காமல் இல்லை. விளங்கியதுதான் அவளைத் திகைக்க வைத்தது. எந்த மலையில் நிற்பது என்று காலைப் பெரட்டில் ஆள் பிரிக்கும்போது சொல்வார்கள், போய் நிற்பாள். யாருக்கு வாழ்க்கைப்படுவது என்று அப்பா சொன்னார், வந்தாள். அதிலெல்லாம் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆண்டியப்பன் நல்லவன்தான். ஆனால் விருப்பமா என்று யாராவது கேட்டால் பதில் எங்கே இருந்து வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. தேடத் தொடங்கும் முன்பே கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

அவன் எழுந்து நின்றிருந்தான். கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்று பணிவாகச் சொன்னான். டாக்டர் தடுக்கவில்லை. ஆறுதலாக யோசிக்கும்படியும், நாலு மணிவரை இருப்பதாகவும் சொல்லிக் கையைக் கழுவப் போனார்.

சந்து முனை வந்ததும் ஆண்டியப்பன் சிரித்தான். "பாத்தியா புள்ள, அவருக்குப் புடுங்கத் தெரியல. அதுதான் அடைக்கிறேன், தைக்கிறேன்னு பூசி மொழுகுறாரு. கையில பெலம் வேணாமா? மாஸ்டருக்கு எங்க தெரியுது இதெல்லாம்."

அவளுக்கும் முதலில் அது சரியென்றே பட்டது. பல் டாக்டர் என்றால் பல்லைப் பிடுங்குகிறவர். பிடுங்காமல் அனுப்புகிறவரை வேறு என்னவென்று நினைப்பது? தோட்டத்தில் யாருடைய பல்லையும் யாரும் அடைத்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

போத்தல் டாக்டரின் மாடியில் உட்கார இடமில்லை. பல தோட்டத்து ஆட்களும் வந்திருந்தார்கள். உள்ளே போனவர்கள் சீக்கிரமே வாயில் பஞ்சோடு வந்தார்கள். எந்தத் தோட்டம், எத்தனை பல் என்று ஆளுக்கு ஆள் விசாரித்துக்கொண்டார்கள். கலியாண வீடு மாதிரிக் கலகலப்பாக இருந்தது. ஆண்டியப்பன் அங்கே போனதும் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டான், தன் கதையை இரண்டு பேருக்குச் சொல்லியும் முடித்தான்.

பூரணி ஜன்னலோரம் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேச்சியம்மாவின் பற்களைத் தேடினாள், கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. சில மஞ்சளாக, சில வெற்றிலைக் காவியோடு. அடியில் ஒரு பல் பழுதே இல்லாமல் வெள்ளையாக இருந்தது. அதைக் கொடுத்தவர் யாராக இருக்கும், இப்போது எந்தப் பக்கம் மெல்லுகிறார் என்று யோசித்தாள். அவளுடைய நாக்கு தானாகவே வலிக்கிற பல்லைத் தொட்டது. அது அங்கேதான் இருந்தது. வலித்தது, ஆனாலும் இருந்தது. வச்சிருக்க விருப்பமோ? அந்தக் குரல் சந்துக்குள்ளிருந்து மாடிப்படி ஏறி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அவள் முறை வந்தது. போத்தல் டாக்டர் வாட்டசாட்டமான, சிரித்த முகக்காரர். ஆண்டியப்பனைக் கண்டதும் தோளில் தட்டினார். குறட்டை எடுத்துக்கொண்டு அவனிடமே கேட்டார்.

"சம்சாரத்துக்கு எந்தப் பக்கம்?"

ஆண்டியப்பன் தன் வலக்கன்னத்தைத் தொட்டுக் காட்டினான்.

பூரணி நாற்காலியில் உட்காரவில்லை. "வேணாங்க" என்றாள். சத்தம் சின்னதாகத்தான் வந்தது. யாருக்கும் கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னாள். "எனக்கு இந்தப் பல்ல வச்சிருக்கணுங்க."

வாங்கில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். பயந்துட்டா பாவம் என்றாள் ஒருத்தி. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள் இன்னொருத்தி. பயமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள் பூரணி, விட்டுவிட்டாள். பயம் என்றே நினைத்துக்கொள்ளட்டும். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அது இவ்வளவு பக்கத்தில், நாக்கு நுனியிலேயே இருந்திருக்கிறது.

ஆண்டியப்பன் விறுவிறுவென்று படியிறங்கினான். தெருவில் நின்று, நாலு பேர் முன்னால் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டாள் என்றான். ஆமாங்க, கோபம் தீரத் திட்டுங்க, ஆனா திட்டிக்கிட்டே நடங்க, நாலு மணிக்குச் சாத்திடுவாரு என்றாள். அவனுக்குச் சந்து எதுவென்று நினைவில்லை. அவள்தான் முனையிலிருந்த சாக்குக் கடையை அடையாளம் வைத்திருந்தாள். அவள் முன்னே நடக்க, அவன் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

புதிய டாக்டர் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார். ஊசி குத்தியதும் கன்னம் மரத்துப்போனது. கருவியை அவர் மிதிக்க மிதிக்க மண்டைக்குள் வண்டு இரைந்தது. பூரணி நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டாள். ஆண்டியப்பன் முதலில் வாசலில் நின்றான், பிறகு உள்ளே வந்தான், கடைசியில் டாக்டரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். முடிந்தபோது, பல்லின் அடியில் வெள்ளிப் பொட்டு மாதிரி ஒன்று மினுங்கியது. இன்றைக்கு அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம், நாளையிலிருந்து எதையும் சாப்பிடலாம் என்றார் டாக்டர்.

ரயிலில் கூட்டமில்லை. ஆண்டியப்பன் ஸ்டேசனில் வாங்கிய வறுத்த கடலையைச் சுருளோடு அவள் மடியில் வைத்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவில் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அவன் தன் வாயைத் திறந்து, விரலால் எதையோ தடவிக்கொண்டிருந்தான்.

"என்னாங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள." விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "என்னுதும் ஒன்னுது மாதிரித்தான் இருந்திச்சு. சின்ன ஓட்டை." ஜன்னல் பக்கம் திரும்பி, "என்னையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. மரத்த உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதில் சிரிப்பு கோணலாக வந்தது. அதைப் பார்த்து அவனும் சிரித்துவிட்டான்.

லயத்தில் பேச்சியம்மா காத்திருந்தாள். வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பஞ்சு எங்கே என்று கேட்டாள், இரத்தமே இல்லையே என்றாள், இவ்வளவு தூரம் போய் ஒன்றும் செய்யாமல் வந்தீர்களா என்று அங்கலாய்த்தாள். ஆண்டியப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சூத்தை என்பது என்ன, வேர் என்பது என்ன என்று ஆரம்பத்திலிருந்து விளக்கத் தொடங்கினான். சந்தைத் தானே கண்டுபிடித்ததுபோல அதற்கு வழியும் சொன்னான். பூரணி குறுக்கிடாமல் அடுப்பை மூட்டப் போனாள்.

மறுநாள் மலையில், தேத்தண்ணி நேரத்தில், மடியிலிருந்த கடலையை எடுத்தாள். ஒன்றை வலப்பக்கம் வைத்து, கொஞ்சம் தயங்கி, கடித்தாள். அது உடைகிற சத்தம் காதுக்குள் கேட்டது. அடுத்ததை எடுத்தாள்.