முப்படைத் தளபதியின் முதல் உத்தரவு

அரசியல் சாசனத்தில் அச்சடித்தே போட்டிருக்கிறது: ஜனாதிபதிதான் முப்படைகளுக்கும் தலைமைத் தளபதி. கேட்க எவ்வளவு ஜம்மென்று இருக்கிறது! ஆனால் முன்னாள் கணக்கு வாத்தியாரான நம் ஜனாதிபதி, பதவிக்கு வந்த மூன்று வருஷத்தில் ஒரு சிப்பாயைக்கூட “கொஞ்சம் நகருப்பா” என்று சொன்னதில்லை. அணிவகுப்பில் வெயிலில் நின்று சல்யூட் வாங்குவார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை காபி கொண்டுவந்த சமையல்காரம்மா, தம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“ஐயா, வியாழக்கிழமை எனக்கு வயித்துல ஆபரேஷன். சொந்தக்காரங்க கையெழுத்துப் போட்டாத்தான் செய்வாங்களாம். எனக்கிருக்கறது ஒரே மகன். எல்லையில சிப்பாயா இருக்கான், லீவு கிடைக்கல. நீங்கதான் பட்டாளத்துக்கே பெரியவராமே...”

“இவ்வளவுதானே? கவலையை விடும்மா!”

ஜனாதிபதிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. உத்தரவு போட ஒரு சந்தர்ப்பம் வந்துவிட்டதே! உடனே செயலாளரைக் கூப்பிட்டார்.

“ஐயா, லீவு குடுக்கறது அங்க இருக்கற கேப்டனோட அதிகாரம்” என்றார் செயலாளர். “நீங்க மந்திரிசபை சொல்றதைத்தான் செய்யலாம்.”

“போர் அறிவிக்கணும்னா?”

“மந்திரிசபை சொன்னா, உங்க கையெழுத்து ஒண்ணு போதும்.”

“நாலு நாள் லீவு?”

“அது ரொம்பக் கஷ்டங்க.”

மனுஷர் விடவில்லை. செயலாளர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, எல்லை முகாமுக்குத் தானே போன் போட்டார்.

“முப்படைகளோட தலைமைத் தளபதி பேசறேன்.”

“அப்படியா? நான் அவருக்கு மாமனார். வைய்யா போனை!” என்றது அந்தப் பக்கம்.

செவ்வாய்க்கிழமை, யாரும் சொல்லாமலே கேப்டன் மனமிரங்கி லீவு கொடுத்துவிட்டார். மகன் ரயிலேறினான். “எல்லாம் உங்க புண்ணியம்யா!” என்று சமையல்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ஜனாதிபதி மறுக்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் இனித்தது.

புதன்கிழமை மத்தியானம் செயலாளர் ஒரு கோப்போடு ஓடிவந்தார். எல்லையில் பதற்றமாம். முப்படையிலும் எல்லோருடைய லீவும் ரத்து. ரயிலில் இருப்பவர்களும் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கித் திரும்ப வேண்டும். தலைமைத் தளபதி கையெழுத்துப் போட வேண்டும்.

ஜனாதிபதி பேனாவைத் திறந்தார், மூடினார்.

“ஒருத்தனை மட்டும் விட்டுடலாமா?”

“அப்படி எழுத இடமில்லைங்க.”

“கோப்பைத் திருப்பி அனுப்பினா?”

“ஒரு தடவை அனுப்பலாம். சாயங்காலமே மறுபடி வரும். அப்ப போட்டே ஆகணும்.”

ரயில் வந்து சேர்வதோ மறுநாள் காலையில். வாத்தியார் எப்படிக் கணக்குப் போட்டாலும் இடித்தது. கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை மனசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்கே போய், படிவத்தை நீட்டச் சொன்னார்.

“நோயாளிக்கு நீங்க என்ன உறவு சார்?” என்றாள் நர்ஸ்.

“என் மகனோட மேலதிகாரிம்மா” என்றாள் படுத்திருந்த சமையல்காரம்மா.

“மன்னிச்சுக்கங்க சார். சொந்தக்காரங்க போட்டாத்தான் செல்லும்.”

ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சமையல்காரம்மா அவர் கையைப் பிடித்தாள்.

“பாதி வழியில எம் பிள்ளையை இறக்கிவிட்டுட்டாங்கய்யா. அந்த உத்தரவுல கையெழுத்துப் போட்ட பாவி எவனோ, அவனைச் சும்மா விடாதீங்க.”

“நான்தாம்மா போட்டேன்” என்றார் ஜனாதிபதி.

“போங்கய்யா! லீவு வாங்கிக் குடுத்தவரே நீங்க. எவனையோ காப்பாத்தறதுக்குப் பழியை உங்க தலையில போட்டுக்கறீங்க.”