சோதனைப் பட்டியலில் ஒரு வீடு

எங்கள் மின் நிலையத்தில் புகைபோக்கி கிடையாது. கரி கிடையாது, சுழலும் சக்கரம் கிடையாது. இரண்டாவது மாடியில் ஆறு நாற்காலி, சுவர் முழுக்கத் திரை, ஒரு ஏசி. அவ்வளவுதான் நிலையம். ஐயாயிரம் வீடுகளின் சுவரில் மாட்டியிருக்கும் பேட்டரிகளைப் பகலில் வெயிலில் நிரப்புவோம். சாயங்காலம் எல்லோரும் ஒரேயடியாக ஏசியைப் போடும்போது அவற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி ஊருக்குக் கொடுப்போம். எந்த வீட்டில் எவ்வளவு எடுப்பது என்று கணினியே முடிவு செய்யும். நாங்கள் சரி என்று ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். பெரிய பெயர், சின்ன வேலை.

ஒரு விதி உண்டு. எந்த வீட்டுப் பேட்டரியும் நாற்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. கரண்ட் போனால் அந்த வீட்டுக்காரர்களுக்கு அது வேண்டும். இந்த விதி செல்லாத வீடுகள் பதினொன்று. எல்லாம் இங்கே ஷிஃப்டு முறையில் வேலை பார்க்கும் எங்கள் வீடுகள்தான். புதுக் கட்டளை எதையும் முதலில் எங்கள் வீட்டில் விட்டுப் பார்ப்போம். அடிவரை வடித்தால் என்ன ஆகிறது என்று தெரிய வேண்டுமே. வேலையில் சேர்ந்த வாரமே சொந்த வீட்டைச் சோதனைப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். சேர்க்காதவனை டீ குடிக்கக்கூடக் கூப்பிட மாட்டோம். நான் முதல் நாளே சேர்த்தேன். அப்போது வீட்டில் நானும் மனைவியும் மட்டும்.

அக்கா வந்தது இரண்டு வருஷம் கழித்து. மாமா போன பிறகு, பாதி செத்த நுரையீரலோடு, ஒரு பெட்டியும் ஆக்சிஜன் மெஷினுமாக வந்து சேர்ந்தாள். மெஷின் கரண்டில் ஓடும். கரண்ட் போனால் உதவுவதற்கு ஆள் உயர சிலிண்டர் ஒன்று கூடவே வந்தது. அது கூடத்தில் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. நான் இரண்டு தடவை கால் விரலை இடித்துக்கொண்டேன்.

"பேட்டரி இருக்கும்போது இது எதுக்குக்கா? திருப்பிக் கொடுத்துடலாம்."

"இருந்துட்டுப் போகட்டும்டா. எதிர்த்துப் பேசாது, சோறு கேக்காது. இப்படி ஒரு ஆள் கிடைக்குமா?" என்றாள் மூச்சு வாங்கியபடி.

"ஐயாயிரம் வீட்டுக் கரண்ட் என் கையில இருக்கு. உனக்கு இல்லாமலா போயிடும்?"

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. மறுநாளே சிலிண்டரை அனுப்பிவிட்டேன். அந்த வாய்க்கொழுப்புக்கு என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்த நாள் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தேவை தாறுமாறாக ஏறியது. இருக்கிற வீடுகளையெல்லாம் வழித்தும் கணினிக்குப் போதவில்லை. 'சோதனை வீடுகளையும் சேர்க்கலாமா?' என்று திரையில் கேட்டது. முன்பு ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு கையில் டீ டம்ளர். இன்னொரு கையால் சரி என்று தட்டினேன். நம்ம ஆட்கள்தானே, கரண்ட் போனாலும் ஒரு மணி நேரம் புழுங்கட்டும் என்று நினைத்தேன். அதில் ஒன்று என் வீடு என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. தெரிந்தது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஏழரைக்கு மனைவி போன் செய்தாள்.

"தெருவுல டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு கரண்ட் போயிடுச்சுங்க. பேட்டரிப் பெட்டியில சிவப்பு லைட்டு எரியுது. அண்ணியோட மெஷின் நின்னுபோச்சு."

திரையில் என் வீட்டைத் தேடினேன். இரண்டு சதவீதம்.

"ஆம்புலன்ஸ கூப்பிடு. அக்காவ நிமிர்த்தி உக்கார வை."

"கூப்பிட்டுட்டேன். சிக்னல் எதுவும் எரியல, ரோடெல்லாம் அடைச்சுக் கிடக்குதாம். ஆபீஸ்ல இருந்து நீங்க ஏதாவது அனுப்ப முடியாதா?"

ஆயிரக்கணக்கான பேட்டரிகள் திரையில் பச்சையாக நின்றன. செத்துப்போன தெருவுக்குள் அதில் ஒரு சொட்டைக்கூட அனுப்ப வழியில்லை. மனைவி போனை அக்காவின் காதில் வைத்தாள். "பயப்படாதக்கா, இதோ வந்துட்டேன்" என்றேன். பதிலுக்கு மூச்சு மட்டும் கேட்டது. நான் படியிறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதுவும் கேட்காமல் போயிற்று.

அக்கா போன ஒன்பதாம் நாள் வேலைக்குப் போனேன். எங்கள் பிரிவுத் தலைவர் எந்த விவகாரத்தையும் நல்லபடியாக மூடிவிடுவார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுபம். அந்தச் சாயங்காலத்தைப் பற்றிய அறிக்கையை அவர் திறந்து காட்டினார். 'பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. நான் அதை அழித்து ஒன்று என்று போட்டேன். கணினி வாடிக்கையாளர் எண்ணைக் கேட்டது. சோதனை வீடுகளுக்கு அப்படி ஒரு எண்ணே கிடையாது.

"எனக்கும் மனசு ஆறலப்பா. ஆனா சோதனை வீடு இதுல வராதே. நீ கையெழுத்துப் போட்டாத்தான் இத முடிக்க முடியும்" என்றார் சுபம்.

பூஜ்யத்தைத் திரும்பப் போட்டு, கையெழுத்தும் போட்டேன். உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி குளியலறைத் தரையில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வாஷிங் மெஷினின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தாள்.

"மெஷின் கெட்டுப்போச்சா?"

அவள் நிமிரவில்லை. "அன்னிக்கு மத்தியானம் ரெண்டு தடவ மெஷின் போட்டேன். இஸ்திரியும் போட்டேன். நான்தாங்க பேட்டரிய தீத்துட்டேன்."

நான் திறந்து கிடந்த குழாயை மூடினேன்.

"உங்களுக்குத் தெரியும். ஆபீஸ்ல எல்லாம் திரையிலயே தெரியும்னு சொல்லுவீங்களே. இத்தனை நாளா ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "அதெல்லாம் இல்ல, விடு" என்று மட்டும் வந்தது.

சோப்பு நுரைக் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"வேற யாரா இருந்தாலும் என்னை உயிரோட விட்டிருக்க மாட்டாங்க" என்றாள்.

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.