சட்டமன்றத்துக்கு எதிரே ஒரு கார்

பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பதில் இல்லை. கசில்டா கார் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். “வரவில்லை,” என்று சொல்லிவிட்டுச் சட்டமன்றச் செயலாளர் அடுத்த பெயருக்குப் போனார். அவள் அப்பா எவரிஸ்தோ, சீட் பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெரிதா நகரிலிருக்கும் மாநிலச் சட்டமன்றத்தின் வாசல் தெருவைத் தாண்டினால் வந்துவிடும்.

“அப்பா, உங்க பேருதான்.”

“கேட்டுச்சும்மா.”

“அப்ப எறங்குங்களேன்!”

அவர் அசையவில்லை. முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் ஒவ்வொரு உறுப்பினரும் எழுந்து நின்று வாயால் ஓட்டைச் சொல்ல வேண்டும். வராதவர்களைக் கடைசியில் இன்னொரு முறை கூப்பிடுவார்கள். அதோடு சரி. அப்பாவின் சோஷலிஸ்ட் கட்சியின் ஆட்சி இன்று ஒரே ஓட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

பதினேழு வயதில் பசை வாளியோடு சுவரொட்டி ஒட்டப் போனவர் அவர். பிறகு ஊருக்கு மேயர். பிறகு நான்கு முறை உறுப்பினர். கட்சி ‘ஆம்’ என்றால் ஆம், ‘இல்லை’ என்றால் இல்லை. கசில்டாவின் பிறந்தநாள்களில் பாதியைக் கட்சிக் கூட்டங்களே தின்றிருந்தன. போன மாதம் ஊர்க் கட்சி மன்றத்தில் ஒயின் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, “நான் இருக்கற வரைக்கும் நம்ம பிரசவ வார்ட எவனும் மூட முடியாது” என்று சத்தியம் செய்தார். அதைப் படம்பிடித்து ஊர் முழுக்க அனுப்பியது கசில்டாதான். அக்கா அராசெலிக்கு இது எட்டாம் மாதம்.

நேற்று மாலை கூட்டணிக் கட்சியின் நிபந்தனை வந்தது. சின்ன ஊர்களின் பிரசவ வார்டுகளை மூடினால்தான் ஆதரவாம். கட்சியும் ஒத்துக்கொண்டது. வலதுசாரிகள் வந்தாலும் மூடத்தான் போகிறார்கள். அதைச் சொல்லியே ஓட்டுக் கேட்டவர்கள் அவர்கள்.

செருப்பைக் கையில் பிடித்தபடி ஒருத்தி தெருவைக் கடந்து ஓடிவந்தாள். கட்சிக் கொறடா ஓப்துலியா. கசில்டா ஏதும் யோசிக்காமல் கார்க் கதவைப் பூட்டினாள்.

“தொறடி! உங்கப்பனுக்கு என்ன, நெஞ்சுவலியா?”

“இல்ல அத்தை.”

“நெஞ்சுவலின்னாலும் தூக்கிட்டுப் போயிருவேன். ஓட்டப் போட்டுட்டு அப்பறமா சாகச் சொல்லு.”

அப்பா சிரித்துவிட்டார். கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினார்.

“வார்டு என்னாகும் ஓப்துலியா?”

“நீ வந்தாலும் போச்சு, வராட்டியும் போச்சுய்யா. வந்தா கவர்மென்ட்டாவது மிஞ்சும். வராட்டி நீ துரோகி. இந்தப் புள்ள துரோகி மக. ஊருக்குள்ள தல காட்ட முடியுமா அவளால?”

“வந்தா?”

ஓப்துலியா செருப்பைத் தரையில் போட்டு ஒரு காலை நுழைக்கப் பார்த்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. அவள் காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது.

“வந்தா பொய்யன் மக,” என்றார் அப்பா.

“வராதவர்களை மறுபடி அழைக்கிறேன்,” என்றது ரேடியோ. ஓப்துலியா உள்ளங்கையால் கண்ணாடியை அறைந்தாள். அப்பா பெல்ட்டின் பொத்தானில் விரலை வைத்திருந்தார். அமுக்கவில்லை. மேடையில் ஆயிரம் பேரைப் பார்த்துப் பேசுகிறவர், பாடம் மறந்த பையனைப் போல அவள் முகத்தைப் பார்த்தார்.

“நீயே சொல்லு கசில்டா. போகட்டுமா?”