நாற்பத்தோராவது வாட்ச்

சாப்பாட்டு மேசைமேல் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டு, கைக்கடிகாரங்களை ஒவ்வொன்றாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள் பெனாசிர். அவளுடைய அத்தா கலீல் ரகுமான் பெட்டிகளைத் திறந்து கொடுத்தார். அம்மா ஷரபுன்னிசா ஒரு நீள நோட்டில் எழுதினாள்.

கலீல் ரகுமான் மலேசியாவில் ஈப்போ நகரத்தில் முப்பது வருடம் கடை நடத்திவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியவர். சாவி கொடுக்கும் பழைய வாட்ச்சுகளின் மேல் அவருக்குப் பைத்தியம். எதை எங்கே வாங்கினார், எது என்ன விலை பெறும் என்பதெல்லாம் அவர் மண்டைக்குள்தான் இருந்தது. போன மாதம் இரண்டு தெரு தள்ளி ஒரு பூட்டிய வீட்டில் திருட்டு நடந்தது. அதைக் கேட்டுப் பயந்துபோன பெனாசிர், சென்னையிலிருந்து லீவு போட்டு வந்து, எல்லாவற்றுக்கும் இன்சூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்று நின்றாள். ஒவ்வொன்றுக்கும் படம், பின்மூடியில் உள்ள நம்பர், மதிப்புச் சான்று வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள்.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் நோட்டில் நாற்பது ஏறியிருந்தது. கடைசிப் பெட்டி காலியாக இருந்தது.

"நாப்பத்தொண்ணு இருக்கணுமே" என்றார் கலீல். "பச்சை டயல் வச்சது. நீ பொறந்த அன்னிக்கு வாங்குனது."

அலமாரி, பீரோ, மெத்தைக்கு அடி, பழைய சூட்கேஸ் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. கலீல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பார்வை மெல்ல அடுப்படிப் பக்கம் திரும்பியது. அங்கே பொன்னுத்தாயி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மானகிரியிலிருந்து பதினோரு வருடமாக அந்த வீட்டுக்கு வேலைக்கு வருகிறவள்.

"பொன்னுத்தாயி, இங்குட்டு வா. வாட்ச் அலமாரியைத் தொடைக்கிறது நீதானே?"

"ஆமாண்ணே."

"பச்சை டயல் வாட்ச் ஒண்ணைக் காணோம். பாத்தியா?"

போன வருடம் பெருநாளுக்குத் தூசி தட்டும்போது ஒரு பெட்டி லேசாக இருந்ததும், திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லாததும் பொன்னுத்தாயிக்கு நினைவுக்கு வந்தன. அண்ணன் கையில் கட்டியிருப்பார் என்று நினைத்து அப்போது மூடி வைத்துவிட்டாள். இப்போது அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

"இல்லண்ணே. நான் பாக்கல."

சொல்லும்போதே குரல் உடைந்தது. மீன் செதில் ஒட்டியிருந்த கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். அது ஒன்றே கலீலுக்குச் சந்தேகப்படப் போதுமானதாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வாட்ச் வந்துட்டா நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். வரலன்னா ஜும்மா தொழுகை முடிஞ்சதும் ஸ்டேஷனுக்குப் போவேன்."

"என்னங்க இது, பதினோரு வருசமா வர்றவளை..." என்று ஆரம்பித்தாள் ஷரபுன்னிசா.

"அதனாலதான் சொல்றேன். எது எங்குட்டு இருக்குன்னு அவளுக்குத்தானே தெரியும்."

பொன்னுத்தாயி மீனை அப்படியே வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

ஸ்டேஷன் என்ற சொல்லையே அவளால் கேட்க முடியாது. பல வருடங்களுக்கு முன், அவள் புருஷன் கருத்தையா வேலை பார்த்த தோட்டத்தில் மோட்டார் ஒன்று காணாமல் போனபோது, அவனை ஸ்டேஷனில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார வைத்து விசாரித்தார்கள். மோட்டாரை எடுத்துப் போனது தோட்டத்துச் சொந்தக்காரரின் மச்சினன் என்று பிறகு தெரிந்தது. கருத்தையாவை விட்டுவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு சாகும்வரை அவன் ஊருக்குள் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை.

புதன்கிழமை அவள் வேலை பார்க்கும் இன்னொரு வீட்டிலிருந்து போன் வந்தது. "கொஞ்ச நாளைக்கு வரவேணாம். அப்புறமாச் சொல்லி விடுறோம்" என்றார்கள். கலீல் அந்த வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவள் ரேஷன் கடைக்குக்கூடப் போகவில்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்தினாள். மகள் முத்தழகு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். கடைக்குச் செய்தி போனால் அவளையும் நிறுத்திவிடுவார்களே என்று நினைத்து, சோற்றைப் பிசைந்தபடியே சாப்பிடாமல் இருந்தாள்.

வியாழக்கிழமை பெனாசிர், புகார் எழுதப் பேனாவை எடுத்தாள்.

"அத்தா, ஸ்டேஷன்ல அடையாளம் கேப்பாக. பின்னாடி என்ன நம்பர்?"

"தெரியலையே."

"கடைசியா எப்பக் கட்டுனீக?"

"போன பெருநாளைக்குக் கட்டுனேன்னு நெனைக்கிறேன்."

பெனாசிர் தன் போனில் பெருநாள் படங்களை எடுத்துப் பார்த்தாள். அவர் கையில் வேறு வாட்ச் இருந்தது. பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். இரண்டு வருடத்துக்கு முன் தேவகோட்டையில் நடந்த ஒரு நிக்காஹ் படத்தில் கலீல் கை வெறுமையாக இருந்தது. பக்கத்தில் நின்ற அவருடைய சிநேகிதர் அசன் முகம்மது, பச்சை டயல் வாட்ச்சைக் கையில் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலீலுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்று சாவி திருகும் குமிழ் சுற்றவில்லை. சென்னையில் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார், கொடுத்து வாங்கி வருகிறேன் என்று அசன் முகம்மது வாங்கிப் போனார். மூன்று மாதத்தில் மாரடைப்பில் இறந்துவிட்டார். அந்தத் துக்கத்தில் வாட்ச் மறந்தே போய்விட்டது.

அசன் முகம்மதுவின் மகன் அன்வர் சாதிக்குக்குப் போன் போட்டார்கள்.

"ஆமா மாமா, பச்சை டயல் வாட்ச் ஒண்ணு எங்க பீரோவுல இருக்கு. அத்தாவோடதுன்னு நெனச்சு அம்மா பத்திரமா வச்சிருக்காக. அத்தா யார்கிட்டயும் சொல்லல, எங்குட்டும் எழுதி வைக்கவும் இல்ல."

கலீல் போனைக் கீழே வைத்தார். நாளைக்குத் தான் செய்ய இருந்த காரியத்தை நினைத்தபோது அவருக்குப் பயம் வந்தது. நாற்பது வாட்ச்சையும் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மனைவியோடு மானகிரிக்குப் போனார். வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டதும் பொன்னுத்தாயி போலீஸ்தான் என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முத்தழகு வாசலை மறித்து நின்றாள்.

"எங்கம்மா எடுக்கல."

"தெரியும்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்ற கலீல், கூடிவிட்ட அக்கம்பக்கத்தாரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "வாட்ச் கெடைச்சிருச்சு. ஒருத்தர்கிட்ட ரிப்பேருக்குக் குடுத்துட்டு மறந்தது நாந்தான். பொன்னுத்தாயி மேல எந்தத் தப்பும் இல்ல. அவளை வேலையை விட்டு நிப்பாட்டுன வீட்டுலயும் போயி இதையே சொல்லுவேன்."

பொன்னுத்தாயி வெளியே வந்தாள். "பெட்டி காலியா இருந்ததைப் போன வருசமே பாத்தேண்ணே. செவ்வாக்கெழமை நீங்க கேட்டப்பவே சொல்லியிருப்பேன். சொன்னா நாந்தான் எடுத்தேன்னு ஆயிரும்னு பயந்துட்டேன்."

கலீலால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஷரபுன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிரு. அன்னிக்கு நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும். வேலைக்கு வா பொன்னுத்தாயி" என்றாள்.

பொன்னுத்தாயி தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"வாரேங்க்கா. எனக்கும் வேற வழியில்ல. ஆனா அண்ணே, ஒண்ணு சொல்றேன். இருக்குறது பூராத்தையும் எழுதி வைங்க. யாருகிட்டக் குடுத்தீக, எப்பக் குடுத்தீகன்னு எழுதி வைங்க. அதை அக்காகிட்டயும் பிள்ளைகிட்டயும் காட்டி வைங்க. உங்களுக்கு மறந்துபோனா, பழி எங்க தலையிலதான் விழுகுது. வாட்ச் போனா இன்சூரன்ஸ்காரன் குடுப்பான். எங்க பேரு போனா அதை யாரு குடுப்பா?"